பச்சைக் கோடு ஓடும் நேரம்

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கேமராக்காரன் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். நல்லவன். தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது, சம்பாதிப்பதை வீட்டில் கொண்டுவந்து கொட்டுகிறவன். பெண்டாட்டி முகம் லேசாகச் சுருங்கினாலும் பொறுக்க மாட்டான். அப்படிப்பட்டவனிடம் ஒரு விஷயத்தைப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் அவன் படம் பிடிப்பான். பிடித்துக்கொண்டு வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, நிறம் திருத்திக் கொடுப்பது அவள். அதனால் அவனுக்குக் கேமராக்காரன் என்றும் அவளுக்கு எடிட்டர் என்றும் தெருவில் பெயர் நிலைத்துவிட்டது. மாமியார்கூட அக்கம்பக்கத்தில் பேசும்போது ‘எங்க எடிட்டர்’ என்றுதான் சொல்வார். அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் பெருமை, இரண்டும் இருக்கும்.

வீடு மாடியில். ஒரு ஹால், ஒரு உள்ளறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். ஹால் மாமியாருக்கும் டி.வி.க்கும் பாப்பாவுக்கும். உள்ளறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. மேசைக்கு முன்னால் இருக்கும் நாற்காலிக்குப் போக வேண்டுமானால் கட்டில்மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவள் கட்டிலைத் தாண்டி உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவாள். யாராவது அவளைப் பார்க்க வந்தால் கட்டிலில் உட்கார்ந்து அவள் முதுகோடு பேசிவிட்டுப் போவார்கள். அவளும் திரும்பாமலே பதில் சொல்வாள். வேலை அப்படி.

மேசைமேல் இருப்பதைக் கம்ப்யூட்டர் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. மெஷின். ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒன்றை வாங்கி வந்து, அவனே பிரித்து, அவனே பூட்டி, அவனே வளர்த்தது. இப்போது அதில் பழையது என்று சொல்ல வெளிப்பெட்டி ஒன்றுதான் மிச்சம். அதற்கும் பக்கவாட்டு மூடி கிடையாது. மூடி வைத்தால் மெஷினுக்கு மூச்சு முட்டும் என்று கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எல்லாம் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று சொன்னாள். அவள் சொன்னது நாட்களை. மறுநாள் அவன் மெஷினை வேகமாக்க ஒரு ரேம் குச்சி வாங்கிக்கொண்டு வந்தான். பழைய குச்சிக்குப் பக்கத்தில் அதைச் செருகி, கட்டைவிரலால் அழுத்தி, இரண்டு பக்கமும் கொக்கி விழுகிற சத்தம் கேட்டதும் அவளைத் திரும்பிப் பார்த்தான். புதுக் குச்சி வேகமானது, பழையது மெதுவானது. சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும் என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியவில்லை, வேகிறது என்றாள். ப்ராசசர் மேல் உட்காருகிற கூலரைப் பெரிதாக மாற்றினான். பெட்டிக்கு முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. மெஷினின் சூடு குறைந்தது. குறைந்த சூடெல்லாம் பின்பக்க ஃபேன் வழியாகச் சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் முழங்காலில் அடித்தது. அதோடு ஃபேன்கள் தெருத் தூசியை உறிஞ்ச ஆரம்பித்தன. கீழே பஸ் போகிற ரோடு. வாரத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிப் பார்த்தும் தீரவில்லை. தூசிதான் மெஷினுக்கு எமன் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தி, இடுக்கு தெரியாமல் டேப் ஒட்டிவிட்டான். நேர்த்தியாக ஒட்டினான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சுருக்கம் கிடையாது.

பாப்பா நடக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் ஒருநாள், முன்னால் மினுக்கிய பட்டனை அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைத்துவிட்டது. ஒருநாள் வேலை போயிற்று. அன்றே அவன் பட்டனுக்குப் போகும் ஒயரை உருவிவிட்டான். அதற்குப் பிறகு மெஷினைத் தொடங்க வேண்டுமானால் போர்டில் இருக்கும் இரண்டு சின்னக் கம்பிகளை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட வேண்டும். அதற்கென்றே ஒரு ஸ்குரூடிரைவர் மேசைக்கால் ஆணியில் நூலில் கட்டித் தொங்கியது. அவள் காலையில் அதைத் தொட்டுத் தொடங்குகிற லாவகத்தைப் பார்த்துவிட்டு, நம்ம எடிட்டருக்கு ஆப்பரேஷன் டாக்டர் கை என்று அவன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வான்.

முதுகு வலி வந்தபோதுதான் விவகாரம் முற்றியது. இனி என்னால் முடியாது என்று ஒருநாள் அவள் கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டாள். அவன் தைலம் தேய்த்துவிட்டான். தேய்த்துக்கொண்டே யோசித்தான். மெஷின் முக்கி முக்கி வேலை செய்வதால்தானே இவள் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது? அந்த வாரமே, பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்குரூவிடமிருந்து ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு வந்து இறங்கியது. காதில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவரைச் செருகி வைத்திருப்பதால் அந்த மனிதருக்கு அந்தப் பெயர். கார்டு செங்கல் கனத்தில், ஒரு முழ நீளத்தில் இருந்தது. பெட்டிக்குள் போகவில்லை. உள்ளே ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற தகரக் கூண்டை ஆக்சா பிளேடால் அறுத்தெடுத்து வழி பண்ணினான். மாட்டினால், பாதி வேலையில் மெஷின் பொசுக்கென்று அணைந்தது. கார்டு இழுக்கிற கரண்டைப் பவர் சப்ளையால் தர முடியவில்லை. அதையும் மாற்றினான். ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றைக் கேட்கும். அந்தத் தொழிலே அப்படித்தான்.

மெஷின் வளர்ந்துகொண்டே போனதில் அவளுக்கு மட்டும் ஒரு நஷ்டம் இருந்தது. அதை அவளால் யாரிடமும் சொல்லவும் முடியாது.

ஒரு வீடியோவை முழுக்க வெட்டி முடித்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி வெளியே எடுக்க வேண்டும். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அது நகர்ந்து முடிகிறவரை மெஷினைத் தொடக்கூடாது. தொட்டால் உறைந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, அந்தக் கோடு ஓடுகிற நேரம்தான் அவளுக்கு விடுமுறை. அந்த நேரத்தில் யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. கோடு ஓடுது அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

முதலில் அந்தக் கோடு ஒரு மத்தியானம் முழுக்க ஓடியது. அப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ரயில்வே மேம்பாலம்வரை நடந்து போவாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஓடும் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வருவாள். ரேம் வந்த பிறகு பாலம்வரை போக நேரம் போதவில்லை, பூங்காவோடு திரும்பினாள். கார்டு வந்த பிறகு தெருமுனைதான். கோடு முடியும் முன்பே திரும்பி வர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லைதான். ஆனால் முடிந்த மெஷின் சும்மா நிற்பதைப் பார்த்தால் மாமியார் போன் செய்துவிடுவார். பச்சைக் கோடு முடிந்ததா என்று பார்க்க அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். வெளியே எடுக்கும்போது தேவையே இல்லாத ஒரு தர அளவைத் தேர்ந்தெடுத்துவிடுவாள். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கோடு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோ அக்காவிடமிருந்து ஆள் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு மாடி ஸ்டுடியோ அந்த அம்மாவுடையது. பள்ளிக்கூட ஆண்டுவிழா வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இதை வெட்டியது யார் என்று விசாரித்து, ஒருமுறை வந்து போகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பென்டிரைவைக் கொடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவள் போனாள்.

மாடி அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஒரே பாட்டு வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட, மற்றவர்கள் அவனை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். அவன் நிறுத்தவில்லை. யாருடைய சாப்பாட்டு டப்பாவை யார் திறந்தது என்று ஒரு சண்டை நடந்தது. ஒரு நெட்டைப் பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்காகக் காத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற இவளிடம், யார் என்றுகூடப் பார்க்காமல், ஒரு சுளையை நீட்டினாள். இவள் வாங்கித் தின்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் படி இறங்கும்போது, இங்கே வந்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதுவரை எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அடுத்த மாதம் முதல் ஒரு இடம் காலியாகிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்றார் அக்கா.

அன்று சாப்பிடும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“ஸ்டுடியோவில என்னைக் கூப்பிடறாங்க. போகட்டுமா?”

மாமியார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். வீட்டோடு இருந்து சம்பாதிக்கிற வேலைக்கு ஊரில் எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்று ஆரம்பித்து, தன் முழங்கால், பாப்பாவின் பள்ளிக்கூடம், சாயங்கால நெரிசல் என்று ஒரு சுற்று வந்தார். அவரும் கெட்டவர் இல்லை. நீ போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் கடைசியில் சொன்னார். கேமராக்காரன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

“அங்க என்ன மெஷின் வச்சிருக்காங்க?”

அவளுக்குத் தெரியாது. அவள் மெஷினைப் பார்க்கவே இல்லை. ஏழெட்டு மெஷின் ஓடுகிற அறையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு ஆரஞ்சுச் சுளையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

“நல்ல மெஷின்” என்றாள்.

“நல்லதுன்னா?”

அவன் கேட்ட தொனியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைதான் அவளைக் கவிழ்த்தது. நம்மால் வாங்கவே முடியாத ஒரு மெஷினைச் சொல்லிவிட்டால், சரி, அதில் வேலை செய்ய ஆசைப்படுகிறாள், போகட்டும் என்று விட்டுவிடுவான் அல்லவா? அவனுக்குப் புரிகிற ஒரே பாஷை அதுதானே? கோடு ஓடுகிற நேரங்களில் மழை பெய்து வெளியே போக முடியாத நாட்களில் அவள் செல்போனில் படித்துத் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்தது. சந்தைக்கு வந்ததிலேயே பெரிய ப்ராசசர். அதற்குப் பொருந்துகிற போர்டு. ஒரே வேகத்தில் ஓடுகிற நாலு ரேம் குச்சி. போர்டிலேயே படுக்கவைத்துத் திருகுகிற எஸ்.எஸ்.டி. இரண்டு, ஒன்று வேலைக்கு, ஒன்று சேமிக்க. தண்ணீர் ஓடுகிற கூலர். கார்டின் பெயரைச் சொன்னபோது கேமராக்காரன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“அது இங்கயே இருந்தா நீ போக வேண்டியதில்லையே?” என்றான் மெதுவாக.

அவள் ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வாள்? அப்படி ஒன்று இந்த மாடிக்கு வராது என்கிற தைரியம்.

ஆனாலும் மறுநாள் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்குரூ கடைக்குப் போனான். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடை அது. கூரையிலிருந்து கேபிள்கள் தொங்கும், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஸ்குரூ விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இங்கேயாவது அவள் சுதாரித்திருக்கலாம். அந்தப் போர்டில் இந்தப் ப்ராசசர் உட்காராது என்கிற மாதிரி ஒன்றை நடுவில் மாற்றிச் சொல்லியிருந்தால் நாலு நாள் அலைச்சலிலேயே திங்கட்கிழமை கடந்திருக்கும். அவளுக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் தப்பான போர்டின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்த வேலையை வேண்டுமென்றே தப்பாகச் செய்ய எல்லோராலும் முடிவதில்லை.

“தங்கச்சி, ஒண்ணோட ஒண்ணு எதுவும் மோதல. அடுக்கி வச்ச மாதிரி இருக்கு” என்றார் ஸ்குரூ. ஒரு நொடி அவளுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

விலையைக் கேட்டதும் கேமராக்காரன் முகம் விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு அவன் முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் மனசுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் கோடு ஓடும்போது தெருமுனையில் நின்று ஸ்டுடியோ அக்காவுக்குப் போன் செய்து, அநேகமாக வந்துவிடுவேன், திங்கட்கிழமை உறுதியாகச் சொல்கிறேன் என்றாள். அக்கா சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். மடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் நாலு பெட்டி, காலடியில் மெஷினுக்கான வெளிப்பெட்டி. மாடிப்படியில் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வரும்போது அவன் முகத்தில் இருந்த சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தாள். வாசலில் நின்ற அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். எப்படி என்று கேட்டாள். அதெல்லாம் அப்புறம் சொல்கிறேன், ஃபேனை அணை, சின்னச் சின்ன ஸ்குரூ எல்லாம் பறக்கும் என்றான்.

ஹாலில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தார்கள். மாமியார் டி.வி.யை அணைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பாப்பாவுக்குப் பெட்டிகளில் சுற்றி வந்த குமிழ் ஷீட் கிடைத்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து டப் டப்பென்று உடைத்தது. ப்ராசசரை அவன் உறையிலிருந்து எடுத்தான். நீயே வை, உன் கைதான் நிதானம் என்று அவளிடம் கொடுத்தான். அவள் ஓரத்தைப் பிடித்து, மூலையில் இருக்கிற சின்ன முக்கோணத்தைப் போர்டில் இருக்கிற முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் விட்டாள். தானாகப் போய் உட்கார்ந்தது. நெம்புகோலை அவன் மடக்கினான். சூடு கடத்துகிற பேஸ்ட்டை அதன்மேல் ஒரு கடலை அளவு வைத்தாள். கூலரை நாலு மூலையிலும் மாற்றி மாற்றித் திருகினார்கள், ஒரு பக்கம் சாயாமல். நாலு ரேம் குச்சிக்கும் எட்டுக் கொக்கி விழுந்தது. பெரிய கார்டு எதிலும் இடிக்காமல் உள்ளே போனது. எதையும் அறுக்க வேண்டியிருக்கவில்லை.

நிஜத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலை நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. அவனும் அவளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்து, நீ அந்த ஒயரைப் பிடி, நான் இதைப் பிடிக்கிறேன் என்று, அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமையை அவள் கொஞ்ச நேரம் மறந்துகூடப் போனாள்.

கட்டிலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தார்கள். இந்தப் பெட்டிக்குப் பட்டன் உச்சியில் இருந்தது. அவளையே அழுத்தச் சொன்னான். முதல் தடவையிலேயே திரை வந்தது. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று மாமியார் காதை வைத்துப் பார்த்தார்.

போன வாரக் கல்யாணத்தை ஏற்றி, கோட்டை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றான். அவள் வழக்கம்போல அந்தத் தேவையில்லாத தர அளவைத் தேர்ந்தெடுத்தாள். பச்சைக் கோடு கிளம்பியது. பழக்கத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, ஒரு காலைக் கட்டில்மேல் வைத்தாள். டிங் என்றது. திரும்பிப் பார்த்தாள். கோடு முடிந்திருந்தது.

“பாத்தியா? இனிமே உனக்குக் காத்திருக்கவே வேண்டாம்” என்றான் அவன். கண் கலங்கியிருந்தது.

அவள் ஒரு கால் கட்டிலிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். பாலம் போயிற்று, பூங்கா போயிற்று, இப்போது தெருமுனையும் போயிற்று. போகட்டும், அடுத்த மாதம் நாம் ஸ்டுடியோவுக்குப் போகத்தான் போகிறோம், எந்த மெஷின் வந்தால் என்ன, இவனிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதைச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் பீரோவின் மேல்தட்டு கண்ணில் பட்டது. காலியாக இருந்தது.

“கேமரா எங்கங்க?”

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். மெஷினுக்காக விற்றுவிட்டதாகச் சொன்னான். லென்ஸ்கள், ஸ்டாண்டு, பை எல்லாமே. எத்தனை நாளைக்கு நானும் முதுகில் தூக்கிக்கொண்டு அலைவது, இப்படி ஒரு மெஷின் வீட்டில் இருந்தால் அடுத்தவர் பிடிப்பதை எல்லாம் நாம் வெட்டித் தரலாம், நான் போய் வேலை பிடித்துக்கொண்டு வருகிறேன், நீ உட்கார்ந்த இடத்தில் இரு என்றான். ரொம்ப யோசித்துத்தான் செய்திருந்தான். தனக்குப் பிடித்த ஒன்றைக் கொடுத்தோம் என்கிற வருத்தத்தை அவளுக்குக் காட்டக் கூடாது என்பதில் குறியாக இருந்தான். அவளுக்கு அது தெரிந்தது. அதனால் அன்று அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இரவெல்லாம் புரண்டு படுத்து, விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். கேமரா போனால் போகிறது. ஸ்டுடியோ சம்பளம் வரும். அவன் இந்த மெஷினில் உட்கார்ந்து வெட்டப் பழகட்டும், கற்றுத் தருகிறேன். இன்று யார் என்ன சொன்னாலும் வருகிறேன் என்று சொல்லிவிடுவது. அவன் காலையிலேயே வேலை பிடிக்கக் கிளம்பிப் போயிருந்தான். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வாசலிலேயே நின்று ஸ்டுடியோ அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, நான்...”

“வாம்மா, உனக்கு ஆயுசு நூறு” என்றார் அக்கா. “உங்க வீட்டுக்காரர் இப்பதான் வந்துட்டுப் போறாரு. என்னமோ மெஷின் போட்டிருக்காராமே உனக்கு. சொன்னாரு. கேட்டுட்டு எங்க பசங்க வாயப் பொளந்துட்டானுங்க. இங்க இருக்கற எட்டையும் சேத்தாக்கூட அது வராதாம்.”

“இல்லக்கா, நான் அங்கயே...”

“நானும் அதத்தான் யோசிச்சேன். அவ்வளவு நல்ல மெஷின வீட்ல வச்சுக்கிட்டு இங்க வந்து இந்த ஓட்டையில நீ ஏன் கஷ்டப்படணும்? அந்த எடத்துக்கு வேற புள்ளைய வரச் சொல்லிட்டேன். எங்ககிட்ட தேங்கிக் கிடக்கற பெரிய வேலையெல்லாம் இனிமே உன்கிட்டதான். முதல் ஹார்ட் டிஸ்க அவர் கையிலயே குடுத்து அனுப்பிட்டேன். குடுத்து வச்சவம்மா நீ.”

அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவள் சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கலைந்து, காவலாளி கேட்டைச் சாத்தினார். நேராக வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்கு முன்பே அவன் வந்திருந்தான். உள்ளறையில் கட்டில்மேல் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு, பொறுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். எந்த ஸ்டுடியோவுக்கு நீ போக நினைத்தாயோ அந்த ஸ்டுடியோவே உன் வீட்டுக்கு வந்துவிட்டது பார் என்றான். அவள் கட்டிலின் இந்தப் பக்கமே நின்றாள்.

“நான் மெஷின் கேக்கலங்க” என்றாள். “அங்க என்ன மெஷின் இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் பாக்கவே இல்ல. நாலு பேரோட உக்காந்து வேல செய்யணும்னு இருந்துச்சு. தினமும் செருப்பு மாட்டிக்கிட்டுப் போயிட்டு வரணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

குரலை உயர்த்தவில்லை. ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் இறங்காமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. வலது கை பழக்கத்தில் தோளுக்குப் போய், அங்கே கேமராப் பட்டை இல்லாமல் சும்மா இறங்கியது.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேன்.”

“எப்ப சொன்ன?”

நிஜமாகவே கேட்டான். அவன் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அவளும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். மெதுவாகப் போகிறது என்றது, வேகிறது என்றது, முடியாது என்றது, போகட்டுமா என்றது. எல்லாவற்றையும் அவன் கேட்டிருக்கிறான். ஒன்றைக்கூடக் காதில் வாங்காமல் விட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்திருக்கிறான். இதற்கு மேல் எந்த வார்த்தையால் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அவன் பதறிவிடுவானே என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு வியாழக்கிழமை வீடியோ வேண்டும் என்று அவன் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். கேமரா இல்லை. இனி இந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் இந்த மேசையிலிருந்துதான் எரிய வேண்டும். அவன் கையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, கட்டில்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்தாள். கேபிளைச் செருகினாள். யாரோ இருவரின் கல்யாணம் கோப்பு கோப்பாக உள்ளே இறங்கத் தொடங்கியது.

அவன் கட்டிலின் ஓரத்தில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். போக இடமில்லாதவன் மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அவள் முதுகையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. தெரிந்த ஒன்றைத்தான் அவனால் கேட்க முடிந்தது.

“வேகமா இருக்கா?”

“இருக்கு” என்றாள்.